நாலாம் வளைவில் நின்றவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, கண்ணூறு என்று கதைக்கிறவர்களோடு சேர்ந்தவள் இல்லை நான். நாங்கள் புதுக் கார் வாங்கியபோது எங்கள் டோர்செட் பார்க் கட்டடத்தின் மேல்மாடி அன்ரி கண்ணூறு படக்கூடாதென்று ஒரு தேசிக்காயைக் கட்டிவிட்டுப் போனார். அன்று பின்னேரமே அதைக் கழற்றி மீனுக்குப் பிழிந்துவிட்டேன். இப்போது சிரிக்கிறீர்கள். இனிச் சொல்லப்போவதற்கும் சிரிப்பீர்கள், பரவாயில்லை, முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. அது ஒரு ஸ்ரேடியம். என் மனுசன் இந்தக் குளிர் நாட்டுக்கு அகதியாக வந்து பார்க்டேல் பக்கம் ஒரே அறையில் மற்றப் பெடியன்களோடு நெருக்கிப் படுத்த காலத்தில், கிழமை முழுக்க ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிவிட்டு, சனிக்கிழமையானால் பஸ் மாறி மாறி அங்கே போய்விடுவாராம். மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டி. முட்டை வடிவத்தில் மண் பாதை, சைக்கிளில் பிரேக் என்பதே கிடையாது, நாலு பேர் ஒன்றாக வெளிக்கிட்டு வளைவுகளில் வண்டியைச் சரித்து இடது காலை நிலத்தில் இழுத்துக்கொண்டு போவார்களாம். அதில் கழுத்தில் மஞ்சள் துண்டு கட்டி ஓடுகிற டெனிஸ் என்பவன் மேல் இவருக்கு உயிர். அவன் ஏதோ வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் செத்து எவ்வளவோ காலம்.

என் பிறந்தநாளை இவருக்கு மகள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். டெனிஸ் எந்த வளைவில் விழுந்து எந்தத் தோள் முறிந்தது என்று கேளுங்கள், நித்திரையிலும் சொல்லுவார். கலியாணம் முடித்து நான் இவருடைய ஸ்பொன்சரில் வந்து இறங்கியபோது அந்த ஸ்ரேடியத்தை இடித்து முடித்திருந்தார்கள். இடித்த பிறகுதான் அது என் வீட்டுக்குள் வந்து குடியிருந்தது. அந்தக் கதை சொல்லும்போது மட்டும் இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், எனக்கு வயிறு பற்றி எரியும். இந்த மனுசன் இளந்தாரியாக இவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கிறார், அதில் எனக்கு ஒரு துளி பங்கில்லையே என்று எரியும்.

அந்த இடம் இப்போது ஒரு தளபாடக் கடையின் பார்க்கிங். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செப்டெம்பரில், பழைய ரசிகர்கள் அங்கே மடக்குக் கதிரையும் கோப்பியுமாகக் கூடுவார்கள். இவர் ஒருமுறையும் விட்டதில்லை, நான் ஒருமுறையும் போனதில்லை. போன வருடம்தான் அப்படி என்ன கிடக்கிறது என்று பார்ப்போமே என்று நானும் காரில் ஏறினேன். ஏறியிருக்கக்கூடாது.

எல்லாம் வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும், நடுவில் இவர் ஒருவர்தான் எங்கட ஆள். எல்லாரும் இவரைக் கட்டிப்பிடிக்கிறார்கள், இவரும் வாய் ஓயாமல் கதைத்துச் சிரிக்கிறார். வீட்டில் கேட்டால் ஓம், இல்லை, இரண்டு சொல்தான். நான் ஒரு பக்கமாகக் கதிரையைப் போட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் வண்டிகள் வளைவில் திரும்பும்போது பின்சில்லு மண்ணை வாரிச் சனங்களின் முகத்தில் எறியுமாம். அதனால் நாலாம் வளைவில் வேலியோடு நிற்கிறவர்கள் கையில் ஒரு காட்போட் மட்டை வைத்திருப்பார்களாம், வண்டி வரும்போது அதை முகத்துக்கு நேரே தூக்குவார்கள், போனதும் இறக்கி எட்டிப் பார்ப்பார்கள். அதை இன்றைக்கும் செய்கிறார்கள். கலைந்து போகமுதல் எல்லாரும் அந்த மூலையில் வரிசையாக நிற்பார்கள், முன்பு அங்கே கொடி அசைத்த ரொன் என்ற கிழவர் கையைத் தூக்குவார், எல்லாரும் மட்டையைத் தூக்கி, இல்லாத வண்டிகள் போய்முடியும் வரைக்கும் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். வளர்ந்த மனிதர்கள்.

இவர் ஒரு பீட்சாப் பெட்டி மூடியைக் கிழித்து எனக்கும் நீட்டினார்.

"இந்தாரும், நீரும் பிடியும்."

"எனக்கென்ன விசரே? நீங்களே பிடியுங்கோ."

வெயில் இன்னும் இறங்கவில்லை, நல்ல வெளிச்சம். ரொன் கையைத் தூக்கினார், எல்லா முகமும் மட்டைக்குப் பின்னால் போனது. என்னுடையது மட்டும் வெளியே. நம்பினால் நம்புங்கள், முதலில் வந்தது மணம். இவர் கதைகளில் வருகிற, அந்த வண்டிகளுக்கு ஊற்றுகிற ஆமணக்கெண்ணெய் கருகுகிற மணம். பிறகு காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது, காது அடைத்தது, தார் போட்ட பார்க்கிங்கைக் காணவில்லை, செம்மண் பாதை கிடக்கிறது, அதில் நாலு வண்டி சரிந்தபடி வருகிறது, முன்னுக்கு வருகிறவனின் கழுத்தில் மஞ்சள் துண்டு.

வேலியோடு இவர் நிற்கிறார். என்னோடு காரில் வந்த கிழவர் இல்லை, தலை நிறைய மயிரோடு, கோடுபோட்ட சேட்டோடு ஒரு மெலிந்த பெடியன். கையில் மட்டை. ஆனால் அதைத் தன் முகத்துக்குப் பிடிக்கவில்லை, பக்கத்தில் நின்ற ஒருத்தியின் முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார். மண் முழுக்க இவருடைய முகத்தில்தான் அடித்தது, இவர் அதற்கும் சிரித்தார். அவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை, மட்டை மறைத்துவிட்டது. இவருடைய சேட்டைப் பின்னால் பற்றியிருந்த இடது கை மட்டும் தெரிந்தது. பச்சைச் சுவெற்றர், கைநுனியில் வரிசையாக மூன்று பட்டன்கள், ஓரத்தில் இரண்டும் மரம், நடுவிலது கறுப்பு. வண்டிப் பயத்தை மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்னுடைய புத்தி அப்படி.

மட்டைகள் இறங்கின, எல்லாரும் கைதட்டினார்கள், திரும்பவும் பார்க்கிங்தான். ரொன் என் அருகே வந்து ஒரு ரிஷூவை நீட்டினார். கன்னத்தைத் துடைத்தேன், ரிஷூ சிவப்பு மண். சுற்றிவரத் தாரும் சீமெந்தும்தான், மண் எங்கே இருந்து வந்தது? அந்தக் கிழவர் மெதுவாக, ஆர் முன்னுக்கு வந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். நான் ரிஷூவை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

காருக்குள் ஏறியதும் தொடங்கிவிட்டேன்.

"ஆர் அவள்?"

"எவள்?"

"பச்சைச் சுவெற்றர்க்காரி. நீங்கள் மட்டை பிடிச்சீங்களே, அவள்."

"என்னப்பா கதைக்கிறீர், நான் தனியத்தான் போறனான்."

கண்டதைச் சொன்னேன். இவர் ஒரு கோப்பிக் கடை வாசலில் காரை நிற்பாட்டினார். அவளைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"டெனிஸைக் கண்டனீரோ?"

"கண்டன்."

"மஞ்சள் துண்டோடையோ?"

"ஓம்."

"இவ்வளவு வரியமா நான் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறன். எனக்கு ஒரு சத்தம்கூடக் கேட்டதில்லை. அந்த இடத்தைக் கண்ணிலையும் காட்டக்கூடாது எண்டு திரியிற உமக்குப் போய்க் காட்டியிருக்கு."

சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். அதற்குப் பிறகு பல நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்தடவை அந்த ஸ்ரேடிய விசயத்தில் இவருக்கு என்மேல் பொறாமை. உள்ளதைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. ஆனால் அந்தக் கை விடவில்லை. பழைய அல்பங்களைப் புரட்டினேன். பார்க்டேலில் இவரோடு இருந்த அண்ணை ஒருவருக்குப் போன் எடுத்து நைசாகக் கேட்டேன்.

"தங்கச்சி, உவனுக்கு ஆர் பெட்டை? ஒரே சேட்டைக் கிழமைக்கணக்கா போடுற ஆளுக்குக் கிட்ட ஆர் வாறது?" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

நம்புவதா விடுவதா தெரியவில்லை. மாரியில் என் பிறந்தநாள் வந்தது. யூனியன்வில்லில் இருக்கிற மகள் ஒரு சுவெற்றர் கொண்டுவந்தாள், பச்சை. உடனே கைநுனியைத் திருப்பிப் பார்த்தது உண்மை. ஆனால் உலகத்தில் பச்சைச் சுவெற்றருக்குப் பஞ்சமா, கைநுனியில் மூன்றும் மரப் பட்டன்தான், பேசாமல் போட்டுத் திரிந்தேன். ஒருநாள் கார்க் கதவில் கொளுவி இடது கைப் பட்டன் ஒன்று தெறித்துப் பனிக்குள் விழுந்துவிட்டது. கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழும்பி வந்தால் இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். பார்க்டேல் பெடியன்கள் எல்லாருக்கும் ஊசி நூல் பிடிக்கத் தெரியும்.

"என்ரை பழைய கோட்டிலை கிடந்தது. நிறம் பொருந்தேல்லை, ஆனால் குளிர் பூராது," என்றார்.

நடுப் பட்டன். கறுப்பு. மற்றதெல்லாம் சொன்னேன், பட்டன் விசயத்தை நான் இவருக்குச் சொல்லியிருக்கவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இப்போது திரும்பவும் செப்டெம்பர் வருகிறது. கோபமெல்லாம் ஆறி, "நீரும் வாரும், பின்னேரம் குளிரும், அந்தப் பச்சைச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு வாரும்," என்று தானாகவே கூப்பிடுகிறார். சுவெற்றர் அலுமாரியில் தொங்குகிறது. பட்டனை வெட்டி எறியவும் மனமில்லை, சுவெற்றரைப் போடவும் பயம். அவள் நான்தான் என்றால் நிம்மதியாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அது வரவில்லை. தன் முகத்தில் மண் வாங்கிக்கொண்டு அவளுக்கு மட்டை பிடித்துச் சிரித்த அந்தப் பெடியனோடு அவள் நின்றிருக்கிறாள், நான் நிற்கவில்லை. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்த்து எனக்கு இன்னும் எரிகிறது.