குற்றாலத்தில் ஒன்றரை மணி நேர எங்கேஜ்

குற்றாலத்துக்கு எப்போது போகலாம், எங்கே தங்கலாம் என்று கேட்டு இந்த வாரம் மட்டும் ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டீர்கள். வழி சொல்ல என்னைப்போல ஆகாத ஆள் கிடையாது. நான் கடைசியாக அங்கே போனது எண்பதுகளின் இறுதியில், ஓர் ஆனி மாதம். குளிக்கப் போகவில்லை, வேலைக்குப் போனேன். அந்தப் பயணத்தையே எழுதிவிடுகிறேன்.

டிஜிட்டல் இன்டர்காம் பொருத்தித் தரும் சின்னக் கம்பெனி ஒன்றில் அப்போது இருந்தேன். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்குத் தெருவின் இந்தப் பக்கம் பழைய கட்டடம், அந்தப் பக்கம் புதுக் கட்டடம். கூட்டம் சேருவதற்குள் இரண்டையும் இணைத்துவிட வேண்டும் என்று லாட்ஜ் முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். கம்பி இழுப்பதெல்லாம் முந்தின வாரமே முடிந்து, சோதித்து ஒப்படைப்பதுதான் பாக்கி. அம்மாவோ பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், வயிற்றில் ஆபரேஷன். "நாளைக்குத்தாம்ல ஆபரேஷன். நீ போய் வேலைய முடிச்சிட்டு வா. டாக்டர் பாத்ததும் பன்னெண்டரைக்கு மேல லாட்ஜுக்குப் போன் போடுதேன்" என்றான் அண்ணன், நான் கிளம்பிய அன்று விடியற்காலையில்.

திருநெல்வேலி ஜங்ஷனில் காலை ஐந்தே முக்கால் பஸ். தென்காசிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம், ஆறு ரூபாய் சொச்சம். கோயில் கோபுரத்துக்கு அப்போது சாரம் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் எழுபத்தைந்து பைசா. "தண்ணி அருமையா விழுது சார், குளிக்காம வந்துராதிய" என்று கண்டக்டர் எல்லோருக்கும் சொன்னதை எனக்கும் சொன்னார். எட்டேகாலுக்கு லாட்ஜில் இருந்தேன்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு ஒரு பேனல், போனும் பொத்தான்களும் விளக்குகளும் வைத்த பலகை. அதைப் பார்த்துக்கொள்ள லாட்ஜ் ஆட்கள், பழையதில் சுப்பையா அண்ணாச்சி, புதியதில் பேச்சியம்மாள். வெளியிலிருந்து வரும் அழைப்பைக் இன்டர்காம் கருவியே எடுத்து அண்ணாச்சியின் பேனலுக்கு அனுப்பும். அண்ணாச்சி எழுந்து போவதானால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். சிவப்பு விளக்கு எரியும். அழைப்பு அங்கே மணியடிக்காமல் நேரே பேச்சியம்மாளிடம் போய்விடும். அவள் பேனலிலும் அதேபோல் ஒரு பொத்தான், அது அண்ணாச்சிக்கு அனுப்பும்.

அதுவரை அந்த லாட்ஜில் போன் ஒன்றுதான், பழைய கட்டடத்தில். சாப்பிடப் போகும்போது அண்ணாச்சி வாசலில் நின்று, "ஏட்டி பேச்சீ, நான் சாப்பிடப் போறேன், போனைப் பாத்துக்கோ" என்று தெரு அதிரக் கூப்பிடுவார். "இந்தா வாரேன் அண்ணாச்சி" என்று அவள் பதில் குரல் கொடுத்தபிறகுதான் நகருவார். எனக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. படித்தவன் அல்லவா!

"இனிமே கத்தாண்டாம் அண்ணாச்சி. பொத்தானை அமுக்கிட்டு நீங்க பாட்டுக்குப் போங்க. மெஷின் பாத்துக்கும்."

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாண்டாமா?"

"எதுக்கு? அதுக்குத்தான இவ்வளவு செலவு பண்ணியிருக்கு!"

பேச்சியம்மாளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

பன்னிரண்டரைக்குப் பழைய கட்டடத்து மாடி அறையில், அங்கிருந்த இன்டர்காம் போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அருவிச் சத்தம் அங்கேயே கேட்டது. குளிக்கப் போகவில்லை, சாப்பிடக்கூடப் போகவில்லை. ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. மணியே அடிக்கவில்லை. நாமே ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் பார்ப்போமா என்று ரிசீவரில் கை வைத்தேன். லாட்ஜுக்கு வெளி லைன் ஒன்றே ஒன்று. நான் எடுத்தால் அண்ணனுக்கு எங்கேஜ் காட்டுமே என்று கையை எடுத்துவிட்டேன். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு மணிக்கு அண்ணாச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும் சத்தம் கேட்டுக் கீழே இறங்கினேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே பொத்தானைத் திருப்பி அமுக்கினார். சிவப்பு விளக்கு அணைந்த அடுத்த நிமிடம் மணி அடித்தது. அண்ணன்தான்.

"ஏலே, ஒன்றரை மணி நேரமா யாருகிட்டலே பேசிக்கிட்டிருந்த?"

"நான் யாருகிட்டயும் பேசலியே!"

"ஆபரேஷனை இன்னைக்கே வச்சிட்டாவ. உங்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்னு அம்மா ஸ்ட்ரெச்சரோட போன் பக்கத்துல கெடந்தா. எப்பப் போட்டாலும் எங்கேஜ். 'சரி, பேசட்டும், அவனுக்கு என்ன வேலையோ'ன்னு சொல்லிட்டு உள்ள போனா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மயக்க மருந்துக்கே அம்மா நெஞ்சு தாங்கலலே. முடிஞ்சிட்டு."

ரிசீவரை வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடினேன். பேச்சியம்மாளின் பேனலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை. பின்கட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். "அண்ணாச்சி இருக்காவள்ளா, பாத்துக்கிடுவாவன்னு அமுக்கிட்டு வந்தேன் சார். நீங்கதான சொல்லாண்டாம்னிய?" இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போயிருக்கிறார்கள். அவர் பேனல் இவளிடம் தள்ள, இவள் பேனல் அவரிடம் தள்ள, அழைப்புக்குப் போக்கிடம் இல்லை. அப்படி நேர்ந்தால் கருவி அழைத்தவருக்கு எங்கேஜ் ஒலி கொடுக்கும். கையேட்டில் ஒரே வரியில் போட்டிருந்தது, நான் படித்ததுதான். ஒவ்வொரு விளக்காகச் சோதித்தேன். இரண்டையும் சேர்த்து எரியவிட்டுப் பார்க்கவில்லை.

தென்காசிக்கு ஆட்டோ, பதினைந்து ரூபாய். டிரைவர் என் காய்ந்த தலையைப் பார்த்து, "என்ன சார், குளிக்கலியா?" என்றார். அதுவரை வராத அழுகை அதற்குத்தான் வந்தது. மூன்று பத்து பஸ்ஸில் திருநெல்வேலி வரை நின்றுகொண்டே வந்தேன்.

அண்ணனிடம் எத்தனையோ தடவை விளக்கியாயிற்று. "மெஷின் மேல பழியப் போடாதலே" என்பதோடு முடித்துவிடுவான். அவனையாவது இன்னொரு தடவை உட்கார வைத்துச் சொல்லலாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆனி, ஆடியில் போங்கள். சனி ஞாயிறு வேண்டாம். அருவிக்கு விடிகாலையில் போய்விட்டால் நெரிசல் இருக்காது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், அருவி எங்கேயும் போய்விடாது. பொறுப்பை இன்னொருவரிடம் விட்டுப் போகும்போது வாய்திறந்து சொல்லிவிட்டு, பதில் வந்தபிறகு போங்கள். போட்ட போன் எங்கேஜ் என்று வந்தால், அந்தப் பக்கத்தில் இருப்பவன் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் போனுக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கலாம்.