கையோடு வந்த கைப்பிடி

நானும் சேகரும் பள்ளித் தோழர்கள். புதுச்சேரிக் கடற்கரை மணலில் சுற்றுலா வருபவர்களுக்கு நான்கு சக்கர ஏடிவி வண்டிகளை ஓட்டக் கொடுப்பது எங்கள் கூட்டுத் தொழில். வண்டிகளைப் பராமரிப்பது அவன் பொறுப்பு.

போன வருடம் நான் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தபோது, ஹேண்டில்பாரின் கைப்பிடி ரப்பர்களை மாற்றச் சொல்லியிருந்தேன். பழைய பசையைச் சுரண்டி, கம்பியைத் துடைத்து, புதுப் பசை தடவி ஏற்றி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். திரும்பி வந்ததும், "எல்லாம் முடிச்சுட்டேன் மச்சான்" என்றான். நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலை என் மனைவி நசீமா முதன்முறையாக வண்டியில் ஏறினாள். "பயப்படாம ஓட்டு தங்கச்சி" என்று சேகர்தான் அனுப்பிவைத்தான். முதல் திருப்பத்திலேயே இடது கைப்பிடி கழன்று அவள் கையோடு வந்துவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

அந்த ரப்பரின் உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். பசையே இல்லை. எண்ணெய் வழவழத்தது.

"என்னடா இது?"

"பசை போட்டா வண்டி ஒரு நாள் நிக்கணும் மச்சான். நல்ல கூட்டம். எண்ணெய் தடவி ஏத்திட்டேன்."

"அவ ஏறும்போது இது உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

தலையைக் குனிந்துகொண்டான். "இருந்துச்சு. ஒரு ரவுண்டு தாங்கும்னு நெனச்சேன்."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

நசீமாவின் கை குணமாகிவிட்டது. சேகர் வீட்டுக்கு வந்து அழுதான், அவள் மன்னித்தாள். நானும் மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். இன்றும் சேர்ந்துதான் தொழில் செய்கிறோம். நான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியாது.