பின்சீட்டுத் தலையணை

பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் பழைய ஹைப்ரிட் கார் ஒன்று வாங்கலாம் என்று போன வருஷம் புதுப்பட்டினம் போயிருந்தேன். விற்பவருக்கு அறுபது வயதிருக்கும். நரைத்த தாடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முன்கதவைச் சாதாரணமாகத்தான் அடித்துச் சாத்தினார். பின்கதவை மட்டும் இரண்டு கைகளாலும் சத்தம் வராமல் அழுத்தினார். உள்ளே யாரும் இல்லை.

எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காரைக் காட்டினோம். சோதித்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பெரிய பேட்டரி வீக்காயிடுச்சு சார். மாத்தியே ஆவணும். வண்டி விலையில பாதி ஆயிடும்." பிறகு அந்தப் பெரியவரிடம் திரும்பினார். "பாய், பேட்டரிக்குக் காத்து போற ஓட்ட பின்சீட்டாண்ட கீது. அத்த இன்னாத்துக்கு அடைச்சு வெச்சீங்க? சூடாயியே வீணாப் போச்சு."

"தலகாணி வெச்சிருந்தேன்பா. வாரத்துக்கு ரெண்டு தபா வூட்டுக்காரம்மாவ டயாலிசிஸுக்கு செங்கல்பட்டு இட்டுகினு போவேன். படுத்துகினுதான் வருவாங்க. சத்தமில்லாத வண்டின்னுதான் இத்த வாங்கினேன்."

"இனிமே அங்க ஒண்ணும் வெக்காதீங்க."

"இனிமே யாருக்கு வெக்கப் போறேன்?"

மெக்கானிக் உள்ளே போய்விட்டார். பெரியவர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "வண்டிய நான்தான் கெடுத்துட்டேன், இல்ல சார்? ஆனா அவங்க ஒரு நாள்கூட முழிக்காம தூங்கிகினே வந்தாங்க."

விலையைக் குறைத்துப் பேச நிறைய யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "பொறுமையா சொல்லுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

நான் கூப்பிடவே இல்லை. வேண்டாம் என்ற ஒரு வார்த்தையை அவரிடம் நேராகச் சொல்ல ஏன் முடியவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.