ஒரு சொட்டு கூட இல்லை

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய நான் முதலில் ஒரு நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன்: படகு ஒழுகவில்லை. நினைவு மலரில் இதையா முதலில் சொல்வது என்று கேட்பவர்களுக்காகத்தான் மீதிக் கட்டுரை.

அப்பா பாடி என்ற ஊரில் பிறந்தவர். எங்கள் தாத்தா வயல் கூலிக்குப் போனவர். அந்த வயல்களெல்லாம் பட்டறைகளாக மாறியபோது, அப்பா பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டிகள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். தொட்டியில் ஓட்டை இருக்கக் கூடாது என்பதே அங்கே வேலை. அந்தக் குணம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போனால்கூட, சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அங்கே சொட்டும் குழாயை இறுக்கிவிட்டுத்தான் திரும்புவார். மாப்பிள்ளை வீட்டார் அவரை பிளம்பர் என்று நினைத்துக் கூப்பிட்டதும் உண்டு. அதற்கும் போனார்.

கம்பெனி மூடப்பட்ட பிறகு வந்த வருடங்கள் எங்களுக்குக் கடினமானவை. அப்பா ஃபைபரை ஒட்டும் ரெசின் பசை டப்பாவை சைக்கிளில் கட்டிக்கொண்டு வானகரம் முதல் மாங்காடு வரை வீடு வீடாகப் போய் மொட்டைமாடித் தொட்டிகளுக்கு ஒட்டுப் போட்டார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தது அந்த ஒட்டுகள்தான். தம்பியும் நானும் அதை ஒருநாளும் மறந்ததில்லை.

படகு வந்தது அதற்குப் பிறகு. கம்பெனி எப்போதோ செய்து, கோணல் என்று ஒதுக்கிய ஒரு பாய்மரப் படகின் வெறும் கூடு அது. மூடிக் கிடந்த கம்பெனி இடத்தைக் காலி செய்தபோது அப்பா கேட்டு வாங்கி வந்து, வானகரத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் டயர்களின் மேல் உட்கார வைத்தார். பழவேற்காட்டில் தெரிந்த மீனவர்களிடம் பாய் கட்டவும் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து எங்களுக்கு விலாசம் தேவைப்படவில்லை. பைபாஸ் முனையில் எந்த ஆட்டோவைக் கேட்டாலும், "கப்பல் ஊடா? ஏறிக் குந்துங்க" என்பார்கள்.

பொங்கல் முடிந்ததும் பழவேற்காடு ஏரியில் சில நாட்கள் பாய் விரித்துப் போய்வருவது அப்பாவின் ஆண்டு வழக்கம். அதற்கான ஆயத்தம் கார்த்திகையிலேயே தொடங்கிவிடும். படகைக் குப்புறக் கவிழ்த்து உப்புத்தாளால் தேய்ப்பார். வெடிப்பு இருந்தால் ஒட்டுப் போடுவார். பெயிண்ட் அடிப்பார். பாயை விரித்துத் தையல் பார்க்க மாடி முழுவதும் வேண்டும். அன்று அம்மா துணி காயப்போட முடியாது. அதற்கு ஒரு சண்டை உறுதி.

கார்த்திகை என்றால் மழைக்காலம் அல்லவா? பெருவெள்ளம் வந்த வருடத்தில் தெருவே இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது, "கப்பலை எடுங்க அண்ணாத்தே!" என்று எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். கப்பல் அடிப்பாகம் உரிக்கப்பட்டு, ஒட்டுக்காகக் காத்துக் கிடந்தது. கடைசியில் எங்களையே வேறு யாரோ வந்துதான் மீட்டார்கள். அந்தக் கேலி அவர் இருந்தவரை ஓயவில்லை. அவரும் கூடவே சிரிப்பார்.

ஆயத்தத்தின் கடைசி வேலை தண்ணீர்ச் சோதனை. வானகரத்தில் படகை எங்கே மிதக்கவிட்டுப் பார்ப்பது? அதனால் தண்ணீர் லாரியை வரவழைத்து, படகுக்குள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கீழே எங்காவது சொட்டுகிறதா என்று பார்ப்பார். எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் திகைத்துப்போய், "சார், படகுக்குள்ள தண்ணி வராமல்லா பாக்கணும்?" என்று கேட்டார். "உள்ள ஊத்துனது வெளிய வரலைன்னா வெளிய கீறது உள்ள வராது சார்" என்றார் அப்பா. பார்த்து முடித்ததும் அடியில் வடிகால் ஓட்டையை அடைத்திருக்கும் தக்கையைப் பிடுங்கி, அந்தத் தண்ணீரை வாழைக்கு விடுவார்.

அம்மாவுக்குப் படகைக் கண்டாலே ஆகாது. அப்பா ஏரிக்குப் போன நாட்களில் அவரிடமிருந்து போன் வரும்வரை அம்மா சாப்பிட மாட்டார். தண்ணீர்தான் அவரைக் கொண்டுபோகப் போகிறது என்று திடமாக நம்பினார். படகை ஒருநாளும் தொட்டதில்லை.

சென்ற மார்கழியில் ஒரு காலை, படகுக்குள் தண்ணீர் விட்டு முடித்ததும், குனிந்து பார்ப்பதற்குள் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். மாற்றுத்துணி எடுக்க அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது, படகையும் பார்த்துவிட்டு வரும்படி அப்பா கேட்டுக்கொண்டார். அம்மா திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னாமே, சொட்டுதா?"

"ஒரு சொட்டு கூட இல்ல. போதுமா? கண்ண மூடிகினு படுங்க."

"அப்ப பொங்கலுக்கு ரெடி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். தூக்கத்திலேயே போய்விட்டார். வலியில்லாமல், கட்டிலில், அம்மா பக்கத்தில் இருக்கப் போனார். துயரத்தின் நடுவிலும் எங்களுக்கு அது ஆறுதலாக இருந்தது.

அம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. காரியம் முடிந்த அன்று எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "அன்னிக்கு நான் போய்ப் பாக்கறப்ப பாதித் தண்ணி ஒழுவிப் போயிருந்தது. தரையெல்லாம் சேறு. அவுரு கேட்டது கடைசியா அது ஒண்ணுதான். பொய்யச் சொல்லி அனுப்பிட்டேன்."

படகை விற்றுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்த தம்பியை அம்மா விடவில்லை. "மொதல்ல அது ஒழுவாம ஆவட்டும். அப்பால இன்னா வேணா பண்ணு."

பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அப்பாவின் நண்பரை நாங்கள் லேத் மாமா என்று அழைப்போம். அவரும் தம்பியும் ஞாயிறுதோறும் படகோடு மல்லுக்கட்டினார்கள். படகு பக்கவாட்டில் ஒதுங்காமல் இருக்க அதன் நடுவே ஒரு பலகை தண்ணீருக்குள் இறங்கும். அந்தப் பலகை செருகியிருக்கும் பெட்டி படகின் அடித்தளத்தோடு சேரும் மூலையில்தான் ஒழுக்கு. ஒட்டினார்கள், ஒழுகியது. சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டினார்கள், மறுபடி ஒழுகியது. ஒவ்வொரு சோதனைக்கும் படகின் அடியில் மணை போட்டு, டார்ச்சோடு காவல் இருந்தது அம்மாதான். இந்தக் கார்த்திகையில் ஒருநாள் பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு எழுந்து, "சொட்டல" என்றார். நாங்கள் கை தட்டினோம். "இது ஊட்ல. ஏரில எறக்காம எப்டி நம்பறது?" என்று கேட்டுவிட்டார்.

அதனால் இந்த மலர் அச்சுக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு, மழை விட்டிருந்த காலையில், படகை மினி லாரியில் ஏற்றிப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோனோம். மீனவ நண்பர்கள் இறக்கிவிட்டார்கள். தம்பியும் மாமாவும் ஏறினார்கள். "நானும் வரேன்" என்று அம்மா புடவையைத் தூக்கிச் செருகினார். மிதவைச் சட்டையை மாட்டி உட்கார வைத்தோம். நானும் ஏறினேன்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. காலடியில் தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. அம்மாவின் முகம் செத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஓராண்டு உழைப்பும் வீண், அம்மாவின் மனமும் இனி ஆறாது என்றே நினைத்தேன்.

அப்போது லேத் மாமா கத்தினார்: "டேய், தக்கைய போட்டியாடா?"

தம்பி பேன்ட் பாக்கெட்டைத் தட்டினான். தக்கை அதற்குள் இருந்தது. கிளம்புமுன் இன்னொருமுறை விட்ட சோதனைத் தண்ணீரை வடிக்கப் பிடுங்கியவன் திரும்பச் செருகவில்லை. "அப்பன் பேரக் காப்பாத்திட்ட போ" என்று சொல்லி அம்மா சிரித்தார், பாருங்கள், அந்த வருடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. தக்கையை அடித்து, குவளையால் தண்ணீரை இறைத்துக் கொட்டினோம். அம்மா முந்தானையால் அந்த மூலையைத் துடைத்தார். பாய் காற்றை வாங்கிப் படகு கிளம்பியது. நாரை, கொக்கு என்று நாங்கள் காட்டியது எதையும் அம்மா பார்க்கவில்லை. துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கரை திரும்பியதும் உள்ளங்கையை அங்கே வைத்து எடுத்து எங்களிடம் காட்டினார். ஈரமில்லை.

அப்பாவின் கடைசி நேரத்தில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காரியங்களைத் தோளில் சுமந்த தெருக்காரர்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் வந்த தண்ணீர் லாரி ஓட்டுநருக்கும், பழவேற்காட்டு நண்பர்களுக்கும், லேத் மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படகை விற்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு வர விருப்பமுள்ளவர்கள் தம்பியிடம் சொல்லுங்கள். அவனுடைய பாக்கெட்டை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அன்று வீடு திரும்பிய அம்மா, கால்கூடக் கழுவாமல் அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இன்னாங்க, நான்தான் அன்னிக்கே சொன்னேன் இல்ல? ஒரு சொட்டு கூட இல்ல."