சிரிக்கிற படம் ஒன்று

காலையில் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடப்பக்கத்தால் வழிந்து பெனியனில் விழுந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். இடது கண் மூடவில்லை. வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. முகத்தைத் துடைத்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டேன்.

மனைவி கதவடியில் மறித்தாள்.

"இஞ்ச திரும்புங்கோ. முகத்துக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத முகமோ இது?"

ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாரிசவாதமோ என்று இருவருக்கும் பயம். அவள் வாய்விட்டுச் சொன்னாள். நான் சொல்லவில்லை. டொக்டர் கையைத் தூக்கச் சொன்னார், நெற்றியைச் சுருக்கச் சொன்னார். பாரிசவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் மாறிவிடும் என்றார். குளிசை தந்தார். படுக்கும்போது கண்ணை மூடி ஒட்ட பிளாஸ்டர் தந்தார். கண் ஒழுங்காக மூடும்வரை வேலையில் பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொன்னார்.

வாய் கோணியது பெரிதில்லை. ஃபோர்க்லிஃப்ட் பெரிது.

பென்ரோஸில் உறைந்த சாப்பாட்டுச் சாமான் வைக்கிற களஞ்சியத்தில் எனக்கு வேலை. படிப்பும் ஆங்கிலமும் எனக்குக் குறைவு. அந்த வண்டியில் ஏறினால் இரண்டும் தேவையில்லை. இப்போது பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட விட்டார்கள். என் வண்டியை வேறொருவன் ஓட்டினான். நான் ஒட்டினேன்.

கூட வேலை செய்கிற மலேசியத் தமிழன் ஒருவன் வந்து என் முகத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"என்னண்ணே, மூஞ்சி பாதி லீவு போட்டுட்டுப் போயிருச்சா?"

"ஓம்."

"சம்பளத்தோடயா, இல்லாமலா?"

நான் அடுத்த பெட்டியை இழுத்து ஒட்டினேன்.

"எங்க மாமாவுக்கும் பினாங்குல இப்படித்தான் வந்துச்சு. சீன வைத்தியர்கிட்ட ஊசி குத்திக்கிட்டாரு. நீங்களும் போங்கண்ணே. இப்படியே லேபிள் ஒட்டிக்கிட்டிருந்தா போர் அடிக்கும்லா."

டொக்டரிடம் கேட்டேன். போகலாம், ஆனால் குளிசையை விடக்கூடாது என்றார்.

பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில், பாண் சுடுகிற கடைக்கும் முடி வெட்டுகிற கடைக்கும் நடுவில் இருந்தது அந்த இடம். வைத்தியர் ஒரு சீனப் பெண்மணி, அறுபது வயது இருக்கும். அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம், எனக்கும் கொஞ்சம். வீண்பேச்சு இல்லை. இரண்டு கையிலும் நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். எங்கே வேலை என்று கேட்டார். உறைகுளிர் அறையில் என்றேன்.

"காற்று," என்றார். "முகத்துக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது."

மனைவி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"நான் எத்தினை தரம் சொன்னனான், காதை மூடிக்கொண்டு போங்கோ, காத்து அடிக்கும் எண்டு. கேட்டீங்களோ? இப்ப சீனாவில இருந்து வந்து சொல்லவேண்டிக் கிடக்கு."

அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. குளிர்தண்ணீர் கூடாது. காற்றாடி கூடாது. கார் கண்ணாடியை இறக்கக்கூடாது. இஞ்சி குடிக்க வேண்டும், கழுத்துக்குத் துணி சுற்ற வேண்டும். அது பெப்ரவரி மாதம், இந்த நாட்டில் நடுக்கோடை. ஊரெல்லாம் அரைக்காற்சட்டையோடு கடற்கரைக்குப் போனது. நான் கம்பளி சுற்றிக்கொண்டு போனேன். மனைவி தன் பங்குக்குக் கத்தரிக்காயையும் நிறுத்தினாள்.

"சீன மனிசி கத்தரிக்காய் எண்டு சொல்லேல்லையே."

"மறந்திருப்பா."

ஊசி மெல்லியது. நெற்றியில், கன்னத்தில், தாடையில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் குத்தினார். எறும்பு கடித்த அளவுதான். பிறகு கன்னத்து ஊசிகளில் சின்ன வயர் மாட்டிக் கரண்ட் கொடுத்தார். கன்னம் தன்பாட்டில் துடித்தது. எனக்கு முந்தி அது வேலைக்குத் திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

ஊசி எடுத்ததும் கண்ணாடி தருவார். கன்னத்தை ஊது. விசில் அடி. சிரி.

சிரித்தேன்.

"சிரி," என்றார் திரும்பவும்.

"அவர் சிரிக்கிறார் டொக்டர்," என்றாள் மனைவி. "அவருக்கு அவ்வளவுதான் வரும்."

கிழமைகள் போயின. ஒருநாள் குளிக்கும்போது சவர்க்காரம் கண்ணுக்குள் போகவில்லை. கண் மூடியிருந்தது. டொக்டர் பார்த்துவிட்டு வண்டி ஓட்டலாம் என்று எழுதித் தந்தார். குளிசை வேலை செய்திருக்கிறது என்றார். சீன வைத்தியர் ஊசி என்றார். மனைவி கத்தரிக்காய் என்றாள். எனக்குத் தெரியாது.

கடிதத்தைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். நல்ல வெள்ளைக்காரர், ஆனால் பயந்தவர். கடிதத்தை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்தார். பேசும்போது அது இன்னும் வலப்பக்கம் போனது.

"முகம் முழுதாக வரட்டும்," என்றார். "மேலே பாரத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உனக்கு ஏதாவது நடந்தால்?"

திரும்பவும் லேபிள்.

சீன வைத்தியரிடம் சொன்னேன். கன்னம் நல்லம், நெற்றி நல்லம், வாய் மட்டும்தான் நேராக வரமாட்டேன் என்கிறது என்றார். முகத்தில் இந்த வருத்தம் வருவதற்கு முன் சிரித்த படம் ஒன்று கொண்டுவா, பார்க்கவேண்டும் என்றார்.

அடுத்த முறை மனைவி ஒரு பை நிறைய அல்பம் கொண்டுவந்தாள். வைத்தியர் முதலில் கலியாணப் படத்தைப் பார்த்தார்.

"அன்றைக்கு இவருக்குக் கோபமா?"

"இல்லை டொக்டர். அன்றைக்கு நல்ல சந்தோஷம்."

பிறந்தநாள், கோயில், இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்த நாள், எல்லாம் ஒரே முகம். ஒன்றில் பிறந்த மகளைக் கையில் வைத்திருக்கிறேன். அதிலும் வங்கிக் காவல்காரன் மாதிரித்தான் நிற்கிறேன். வைத்தியர் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு மூடினார்.

மறுநாள் தேத்தண்ணி நேரம் மலேசியத் தமிழனிடம் இதைச் சொன்னேன். அவன் போனை எடுத்தான்.

"என்கிட்ட இருக்குண்ணே."

போன கிறிஸ்மஸுக்கு வேலையிடத்தில் சாப்பாடு தந்தார்கள். சூப்பர்வைசர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார, பெட்டி அமிழ்ந்து, அவர் காலிரண்டும் மேலே போனது. அந்தப் படம். பக்கத்தில் நான் தலையைப் பின்னால் போட்டுச் சிரிக்கிறேன். வாய் வலது காது வரைக்கும் போயிருக்கிறது. இடப்பக்கம் அசையவே இல்லை.

"பாத்தீங்களா? நீங்க ஒரிஜினலே கோணல்தாண்ணே."

படத்தை என் போனுக்கு அனுப்பினான். வைத்தியரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"முடிந்தது. வாய் எப்போதோ வந்துவிட்டது. கோணலை நான் நேராக்கப் பார்த்திருக்கிறேன்."

மனைவி சிரிக்கவில்லை. போனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"கண்ட நிண்ட ஆக்களோட இருந்து இப்பிடிச் சிரிக்கிறியள். வீட்டில ஒருநாளும் நான் காணேல்லை."

"நீர் பெட்டியில இருந்து விழேல்லையே."

அதற்கு அவள் சிரித்தாள். கார் ஓடும்போதும் சிரித்தாள்.

அடுத்த நாள் சூப்பர்வைசரிடம் படத்தை நீட்டினேன். முதலில் தன் காலைப் பார்த்தார், முகம் சிவந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"சிரி, பார்ப்போம்."

கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வராது. பின்னால் நின்ற மலேசியத் தமிழன் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து சூப்பர்வைசருக்குப் பக்கத்தில் வைத்தான். ஆங்கிலத்தில் மிக மரியாதையாகச் சொன்னான்: "சேர், தயவுசெய்து உட்காருங்கள்."

வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

சூப்பர்வைசர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். படத்தைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், இன்னொரு தரம் படத்தைப் பார்த்தார். வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

ஏறினேன். மற்றவன் சீட்டை முன்னுக்கு இழுத்து வைத்திருந்தான். பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பெல்ட்டைப் போட்டேன்.