முப்பத்தாறு அடிப் படகை மறுத்த நாள்

1981-ஆம் வருடம், கொடைக்கானலில் சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நடந்தது இது. நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் என் டைரி. அப்போதே பத்து வருடத்துக்கு மேலாக ஒரு நாள் விடாமல் எழுதி வந்தேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை. அங்கே கணக்கு வாத்தியாராக இருந்த வெளிநாட்டுக்காரர் மூன்று வருடத்தில் ஓய்வு பெற இருந்தார். விமானத்தில் போகாமல், ஒரு பாய்மரப் படகு கட்டி, கொச்சியிலிருந்து கடல் வழியாகவே மனைவியுடன் ஊர் திரும்புவது என்று முடிவு செய்திருந்தார். இரவும் பகலும் முறை வைத்துச் சுக்கான் பிடிக்க மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. “கூட வர்றீங்களா மேஸ்திரி?” என்று கேட்டார். எனக்குக் குடும்பம் கிடையாது. மறுநாள் சரி என்றேன்.

பள்ளிப் பட்டறைக்குப் பின்னால் படகைக் கட்டி, லாரியில் மலையிறக்குவதாகத் திட்டம். ஏழாயிரம் அடி உயரத்தில் கடல் படகா என்று பஜாரே சிரித்தது. “எதுக்கு எறக்கணும்? இங்கன கெடக்குற மேகத்துலயே ஓட்டிரலாம்ல” என்றார் டீக்கடைக்காரர்.

தபாலில் இரண்டு படகுகளின் வரைபடங்கள் வந்தன. ஒன்று முப்பத்தாறு அடி. இன்னொன்று இருபத்தெட்டு. வாத்தியாருக்குப் பெரியதன் மேல்தான் கண். வேகம் அதிகம், தண்ணீரும் அரிசியும் கூடுதலாக ஏற்றலாம், அலையில் ஆட்டம் குறைவு. எல்லாம் உண்மை. டைரியின் இடது பக்கத்தில் அவற்றை எழுதினேன். வலது பக்கத்தில் சின்னப் படகுக்கு எழுதினேன்: காற்று திடீரென்று கூடினால் அதன் பாயை ஒரே ஆள் சுருக்கிவிடலாம். அதோடு ஒரு காரணத்தை எழுதிச் சிவப்பு மையில் கோடும் போட்டேன். பெரிய படகு மலைப்பாதை வளைவுகளில் திரும்பாது.

சும்மா சொல்லவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் டேப்போடு நடந்து ஒவ்வொரு வளைவையும் அளந்திருந்தேன். மிகக் குறுகலான வளைவில் ஓரடி பத்து அங்குலம் இடம் போதவில்லை.

“திரும்பாது சார்” என்றேன்.

அவர் கணக்கு வாத்தியார் அல்லவா? “நிரூபிங்க” என்றார்.

அதற்காக முப்பத்தாறு அடி நீளத்துக்கு, படகின் அதே அகலத்தில், மூங்கிலால் ஒரு கூடு கட்டினேன். பக்கத்துக் கவுஞ்சி கிராமத்திலிருந்து பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி இறக்கும் லாரி ஒன்றை அன்றைக்கு மட்டும் பேசி வைத்தோம். லாரி டிரைவர் கூட்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்னண்ணே இது, பந்தலா பாடையா?”

“படகு.”

“தண்ணி எங்கண்ணே இருக்கு?”

“கொச்சியில.”

“அப்ப வெரசா ஏறுங்க. வெயில் வந்துட்டா பஸ்ஸெல்லாம் மேல ஏற ஆரம்பிச்சிரும்.”

லாரியில் ஏற்றிக் கட்டிய கூட்டின் பின்பக்கம் நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாத்தியாரும் அவர் மனைவியும் ஜீப்பில் பின்னால் வந்தார்கள். இடம் போதாது என்று நான் அளந்து வைத்திருந்த அந்த வளைவும் வந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். “இம்புட்டுதானா?” என்றார். ஏறி வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். சாலையோரத் தடுப்புச் சுவரில் சக்கரம் தொடப்போகும் வரை வந்தார். கூட்டின் வால் சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்கு மேல் நீண்டது. அந்த வாலில்தான் நான் நின்றிருந்தேன். காலுக்குக் கீழே இரண்டு மூங்கில், அதற்குக் கீழே மூட்டம். ஒருமுறை முன்னே, மறுபடி பின்னே, மறுபடி முன்னே. வண்டி திரும்பிவிட்டது.

கீழிருந்து வந்த முதல் பஸ் எங்களுக்காக நின்றிருந்தது. “யோவ் கப்பல் மேஸ்திரி, நங்கூரத்தப் போடுய்யா!” என்று ஜன்னலிலிருந்து ஒருவர் கத்த, பஸ் முழுக்கக் கைதட்டியது.

நான் சுவர் வரைக்கும் அளந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வெறும் காற்றும் இடம்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. “நீங்க ரோட்ட அளந்தீக, நான் வண்டிய ஓட்டுறேன்ணே. அம்புட்டுதான் வித்தியாசம்” என்றார் டிரைவர்.

அடிவாரத்து டீக்கடையில் வாத்தியார் லாரியின் பானெட் மேல் வரைபடத்தை விரித்தார். முகமெல்லாம் சந்தோஷம். “அப்போ பெரிய படகுதான். இல்லையா மேஸ்திரி?”

தோற்றவன் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நிமிடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு வாரமாக என் டைரியிலேயே நான் பொய் எழுதி வந்திருக்கிறேன். வளைவு என் காரணமே இல்லை. வரைபடத்தில் படகின் முன்நுனி மேல் விரலை வைத்தேன்.

“இந்தக் காம்பரா யாருக்கு சார்?”

இலங்கையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில், அறையைக் காம்பரா என்போம். அந்தச் சொல் தானாக வந்துவிட்டது. படகின் மூக்கில் ஆறடி மூன்று அங்குல நீளத்தில் ஒரு பொந்து. பணியாள் அறை என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. நடுக்கூடத்துக்கும் அதற்கும் இடையே முழுப் பலகைத் தடுப்பு. கதவு கிடையாது. மேல்தளத்தில் ஒரு மூடியைத் திறந்து அதன் வழியாக இறங்க வேண்டும்.

“உங்களுக்குத்தான். தனியா இருந்தா உங்களுக்கு வசதின்னு நெனச்சேன்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதையும் எழுத வேண்டும்.

“இந்த வசதி எனக்குத் தெரியும் சார். பத்துக்குப் பன்னெண்டு லயத்துக் காம்பராவுல பொறந்தவன் நான். தொரை பங்களாவுக்கும் எங்க லயத்துக்கும் நடுவுல தேயிலை இருந்துச்சு, இதுல பலகை இருக்கு. யாரோ ரெண்டு நாட்டுக்காரங்க ஒப்பந்தம் போட்டு, என்னையக் கேக்காமயே தலைமன்னார்ல இந்தியாவுக்குக் கப்பல் ஏத்துனாங்க. இந்தத் தடவ எந்தப் படகுன்னு நானும் சொல்லணும். நடுவுல பலகை வச்ச படகுல நான் உளி வைக்கமாட்டேன். ஏறவும் மாட்டேன்.”

டிரைவர் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். “இந்த வளைவுல நான் ரிவர்ஸ் எடுக்க முடியாதுண்ணே” என்று முனகிவிட்டு வண்டிக்குப் போய்விட்டார்.

வாத்தியார் வரைபடத்தைச் சுருட்டினார். மலையேறித் திரும்பினோம். அடுத்த மூன்று நாள் டைரியில் மழையும் ஜன்னல் சட்டமும் பெஞ்சுக் காலும் மட்டும்தான் இருக்கின்றன. வேலையே போய்விட்டது என்று நினைத்தேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை.

புதன்கிழமை மாலை இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். என் வேலை மேசையில் இருபத்தெட்டு அடி வரைபடத்தை விரித்தார்கள். ஒரே அறை, மூன்று படுக்கை. வாத்தியார் தன் பென்சிலை என்னிடம் நீட்டினார். “யாருக்கு எதுன்னு நீங்க எழுதுங்க.”

“மொத நீங்க எடுங்க” என்றார் அவர் மனைவி. “எனக்கு அடுப்புப் பக்கம் மட்டும் வேணாம். சமையலும் முறை வச்சுத்தான்.”

மூன்று வருடத்தில் படகு முடிந்தது. அதே டிரைவர், ஒரே ஒரு ரிவர்ஸில் இறக்கினார். கொச்சியை விட்ட இரண்டாவது வாரத்தில் கடல் கெட்டது. படகு ஒருபக்கமாகவே சாய்ந்து ஓடியதால், சாய்ந்த பக்கத்துப் படுக்கையில் மட்டும்தான் உருளாமல் தூங்க முடிந்தது. பென்சிலால் எழுதிய பெயர்களுக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. ஒன்பது நாள் மூன்று பேரும் அந்த ஒரு படுக்கையில்தான் மாறி மாறித் தூங்கினோம். என் முறை முடிந்து ஈரத்தோடு இறங்கி, வாத்தியார் அப்போதுதான் விட்டுப்போன கம்பளிக்குள் நுழைவேன். அதில் அவர் சூடு இருக்கும். அதையும் டைரியில் எழுதியிருக்கிறேன், ஒன்பது நாளும்.

வளைவைத் தப்பாக அளந்ததற்கு இன்றும் வெட்கம்தான். ஆனால் எனக்கென்று தனியாக ஒரு வசதி செய்து தருவதாக யாராவது சொன்னால், அதிலிருந்து நடுக்கூடத்துக்குக் கதவு இருக்கிறதா என்றுதான் இன்றைக்கும் முதலில் பார்க்கிறேன்.