நாலு கம்பியும் ஒரு விரற்கடையும்

பதினோரு வருஷமாக அவருக்குப் பெயர் லூசு போல்ட்டு. அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயருக்குக் காரணமான ஆன்டெனா நிமிர்ந்தபோது வேலையிலேயே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒலிபரப்பு நிலையத்தில் டவர் ஏறுகிறவர்களுக்கு அப்போது அவர்தான் தலைவர். ஆன்டெனாவாக நிற்கும் பெரிய கம்பத்தின் உச்சியிலிருந்து குடைக்கம்பி மாதிரி நாலு கம்பிகளைச் சரித்து இறக்கி, வரைபடத்தில் இருந்தபடி கம்பத்தோடு முறுக்கிப் பூட்டினார். சோதித்தால் அலைவரிசை எங்கேயோ போய் நின்றது. மூன்று தரம் கழற்றி, தேய்த்து, திரும்பப் பூட்டியும் பலிக்கவில்லை. கடைசியில் கம்பிகளை வெட்டிக் குறைத்து ஒருவழியாகச் சரிக்கட்டினார்கள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. மேல பூட்டினதுலதான் கோளாறு."

சொன்னது அசலார் இல்லை, அவர் மனைவியின் தங்கை. அதே நிலையத்தில் கணினியில் ஆன்டெனாவுக்குக் கணக்குப் போடுகிறவள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பாடம் படித்தவள். கல்லூரிக்கு முதல் நாள் சைக்கிளில் கொண்டுபோய் விட்டதே அவர்தான். கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

"கம்பியை நூறு துண்டாப் பிரிச்சுக்குவோம் மாமா. ஒரு துண்டுல மின்சாரம் ஓடினா மத்த தொண்ணூத்தொம்பதையும் அது ஆட்டிவைக்கும். எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குல பிடிக்கணும்" என்று ஒருமுறை விளக்கினாள்.

"நம்ம குடும்பச் சண்டைன்னு சொல்லு" என்றார் அவர்.

அதெல்லாம் முன்னே. அவரை ஸ்டோரில் உட்காரவைத்து நட்டு எடுத்துக் கொடுக்க விட்டபிறகு, இருவருக்கும் நடுவே "சாப்பிட்டாச்சா" மட்டும் மிஞ்சியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பியிருந்தார். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி அவள் உள்ளே வந்தாள்.

"என்னடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா.

தங்கை மேஜைமேல் லேப்டாப் திரையைத் திறந்தாள். அந்த ஆன்டெனாவின் பழைய கணக்கைப் புது மென்பொருளுக்கு மாற்றும்போது, கம்பிகள் கம்பத்தோடு சேரும் இடத்தில் நாலு சிவப்புப் புள்ளி காட்டியதாம்.

அவர் குனிந்து பார்த்தார். "கம்பி கம்பத்தைத் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கு?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவே வெள்ளையாக ஓர் இடைவெளி.

"ஒரு விரற்கடை மாமா. உயரத்துல ஒரு இலக்கத்தைத் தப்பா அடிச்சிருக்கேன். அந்த ஒண்ணைப் பார்த்துத்தான் மத்த மூணையும் போட்டேன். நாலுமே தொடல. தொடாத கம்பிக்கு நீளம் கணக்குப் பண்ணிக் கொடுத்தேன். நீங்க தொடவச்சுப் பூட்டினீங்க. அதான் அலைவரிசை எங்கேயோ போச்சு."

"அப்ப என் போல்ட்டு?"

"சரியாத்தான் இருந்துச்சு."

இந்த நாளுக்கென்று முதல் இரண்டு வருஷம் அவர் சேர்த்துவைத்த வசவில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. கொடுமை என்னவென்றால், மூன்றாம் வருஷத்திலேயே அவரும் நம்பத் தொடங்கியிருந்தார், தன் கைதான் தவறியது என்று. அந்தக் கையை இப்போது திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிப்பாவி, இந்த மனுசன்..." என்று தொடங்கினாள் அக்கா.

அவர் லேப்டாப்பை மூடிவைத்தார். "சரி விடு, தெரிஞ்சா செஞ்சே..."

"வேண்டாம் மாமா." அவள் இடைமறித்தாள். "நாளைக்குப் பத்து மணிக்குப் பெரிய இன்ஜினியர் ரூமுக்கு எல்லாரையும் வரச்சொல்லியிருக்கேன். நானே சொல்றேன், என் வேலை போனாலும் போகட்டும். நீங்களும் வாங்க. ஆனா நான் சொல்லி முடிச்சதும் 'பரவாயில்ல, விடுங்க'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க."